எட்டுக் காலுக்கு எந்த ஊரு?

திண்டுக்கல்லில் ஒரு பூட்டை நீட்டுங்கள். கையில் வாங்காமலே ‘மாங்காய்ப் பூட்டு’ என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. அதே ஆட்களிடம் டப்பாவுக்குள் ஒரு டரான்டுலா சிலந்தியை வைத்து, ‘புதுசா வாங்கினேன், என்ன ரகம்ணே?’ என்று கேட்டுப்பாருங்கள். ரெண்டடி பின்னால் போய், ‘பெரிய ரகம்’ என்பார்கள். சிரிக்காதீர்கள். உலக மகா மேதைகளும் ரொம்ப நாள் அந்த லெவலில்தான் இருந்தார்கள்!

ஸ்வீடன்காரர் லின்னேயஸ் லேசுப்பட்ட ஆளா? உலகத்து உயிர்களுக்கெல்லாம் ரேஷன் கார்டு போட்டுக் கொடுத்தவர். 1758-ல் இந்தச் சிலந்திக்கும் ‘அவிகுலேரியா’ என்று பறவையைச் சேர்த்து ஒரு பெயர் வைத்தார். அதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று என்ன தெரியுமா? ஒரு டிராயிங்!

வரைந்தவர் மரியா சிபில்லா மெரியன். 52 வயதில் கப்பலேறி தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போன அம்மணி. 1705-ல் அவர் போட்ட புத்தகத்தில், கொய்யா மரத்தில் ஒரு சிலந்தி குருவியைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். (ஆயக்குடிக்காரர்கள் பதற வேண்டாம், அது சுரினாம் கொய்யா.) பின்னால் வந்த கனவான்கள், ‘அம்மா ரீல் விடுகிறார்’ என்று தீர்ப்பெழுதினார்கள். 1863-ல் இயற்கை ஆய்வாளர் ஹென்றி பேட்ஸ், ‘அமேசானில் நானே பார்த்தேன்’ என்று எழுதினார். ஆம்பளை சொன்ன பிறகுதான் சிலந்திக்குப் பறவை சாப்பிட பர்மிஷன் கிடைத்தது!

இப்போது நம்ம ஏரியா. ரெஜினால்ட் போகாக் லண்டன் மியூசியத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தியச் சிலந்திகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். 1899-ல் செம ஃபார்மில் இருந்திருக்கிறார். சேலம் பக்கத்துச் சிலந்திக்கு ‘ஃபார்மோசா’, அதாவது அழகி. அரக்கோணத்துச் சிலந்திக்கு ‘ரெகாலிஸ்’, ராஜகளை! லேட்டான ரயிலுக்காக அரக்கோணம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அங்கே ராஜகளை தெரிந்ததாகத் தகவல் இல்லை.

அதே வருஷம், ஆந்திராவின் குத்தி ஊர் ரயில்வே மரக்கிடங்கில் சிக்கிய நீலச் சிலந்திக்கு ‘மெட்டாலிகா’ என்று பெயரிட்டார். பெயர் பிரமாதம். விலாசம்தான் தகராறு. அப்புறம் குத்தியில் அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே காட்டில் கண்டுபிடித்தார்கள். மரக்கட்டையோடு டிக்கெட் எடுக்காமல் குத்தி வந்திருக்கும் என்பது ஊகம். உலகச் சந்தையில் இன்றைக்கும் அதற்குப் பெயர் ‘குத்தி சஃபையர்’!

2004-ல் சிலந்தி ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்மித் ராமேஸ்வரத்துச் சிலந்திக்கு அங்குள்ள கோயில் பெயரால் ‘ஹனுமவிலாசுமிகா’ என்று வைத்தார். நாம் சொல்லி முடிப்பதற்குள் அது மரத்தில் ஏறிவிடும்.

சரி, எப்படித்தான் இனம் கண்டுபிடிப்பது? முதுகு கலரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம்மூர் மரச்சிலந்திகளுக்கு முன்னங்காலின் அடிப்பக்கத்து மஞ்சள், கறுப்புப் பட்டைகள்தான் அடையாளம். கண்ணாடியில் ஏறும்போது தெரியும். பெண்ணாக இருந்தால், அது உரித்துப்போட்ட சட்டையை மைக்ராஸ்கோப்பில் வைத்து, விந்துப்பையின் வடிவத்தைப் பார்ப்பார்கள். ஆக, ஆதார் கார்டு அது கழற்றிப்போட்ட சட்டைக்குள் இருக்கிறது!

வல்லுநர்களுக்கே இது லேசான வேலை இல்லை. 2021 ஜூலையில் போலந்திலிருந்து ஒரு தபால் பார்சல் சென்னை வந்தது. விலாசம்? அருப்புக்கோட்டை! சுங்கத்துறையினர் பிரித்தால், தெர்மோகோல் பெட்டிக்குள் சில்வர் பேப்பரும் பஞ்சும் சுற்றிய 107 குப்பிகள், எல்லாவற்றிலும் உயிருள்ள சிலந்தி. வல்லுநர்களை வரவழைத்தார்கள். பிராக்கிபெல்மா மாதிரியான அமெரிக்கக் கண்டத்துச் சாதியாக இருக்கலாம் என்ற மட்டில்தான் அவர்களே சொன்னார்கள். 107 பேரையும் வந்த வழியே திருப்பி அனுப்ப முடிவாயிற்று. அருப்புக்கோட்டையைப் பார்க்கும் பாக்கியம் ஒன்றுக்கும் இல்லை.

ஆகவே அன்பரே, ‘என்ன ரகம்’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த ஊர், யார் பிடித்தது, பேப்பர் இருக்கிறதா’ என்று விற்றவரிடம் கேளுங்கள். நம்மூர் மரச்சிலந்தி இனங்கள் மொத்தமும் 2019 முதல் சைட்டிஸ் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. மரத்தில் பார்த்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அதை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.