ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா…

நேற்று வரை தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், இன்று இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையும் கறுப்புக் கைப்பையுமாக எதிரே வந்து, "அண்ணே, அண்ணிக்கு என்ன வயசு?" என்று கேட்டால் சட்டையைப் பிடித்துவிடாதீர்கள். மனிதர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆகியிருக்கிறார். அவ்வளவுதான்.

பழைய ஏஜென்டையும் புது ஏஜென்டையும் கல்யாண வீட்டில் வைத்துப் பிரித்துவிடலாம். பழையவர் பந்தியில் நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போதுதான் பேச்சை எடுப்பார். புதியவரோ தாலி கட்டி முடிவதற்குள் மாப்பிள்ளையின் பிறந்த தேதியை விசாரித்திருப்பார். பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட அவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டார்.

எங்கள் தெரு புது ஏஜென்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மணி நேரப் பயிற்சி; பிறகு பரீட்சை. ஒரு மணி நேரத்தில் 50 கேள்விகள். 35 சதவீதம் வாங்கினால் பாஸ். பிளஸ் டூவுக்கே புத்தகத்தைத் திறக்காதவர், இதற்கு விடியற்காலையில் எழுந்து வாய்விட்டுப் படித்தார். படித்தது உள்ளே தங்கவில்லை, தெருவுக்கு வந்துவிட்டது.

முதலில் மாட்டியவர் பால்காரர். "பால்ல எவ்வளவு தண்ணி கலக்கறீங்கன்னு நான் கேட்க மாட்டேன். நீங்களேதான் சொல்லணும். அதுக்குப் பேரு உச்ச நம்பிக்கை. இன்ஷூரன்ஸே அது மேலதான் நிக்குது!" பால்காரர் மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு மட்டும் மணியடிக்காமல் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "பக்கத்து வீட்டுக்காரர் உயிருக்கு நான் பாலிசி எடுக்கலாமா?"

"கூடாதுண்ணே. அவர் போனா உங்களுக்கு நஷ்டம்னு ஒண்ணு இருக்கணும்."

"என்கிட்ட 20,000 ரூபாய் கைமாத்து வாங்கியிருக்கார்."

"அடடே, அப்ப 20,000 ரூபாய் அளவுக்கு அவர் உயிர் மேல உங்களுக்கு அக்கறை உண்டு!"

வீட்டிலும் சட்டம்தான். 3 வருடம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது, 1938-ஆம் வருடத்துச் சட்டம், 45-ஆவது பிரிவு என்று மனைவியிடம் ஒப்பித்தார். "நமக்குக் கல்யாணமாகி 19 வருஷம் ஆச்சு. இனிமே என்னை எதுவும் கேட்காதீங்க" என்று அந்த அம்மாள் 45-ஆவது பிரிவின் கீழ் உள்ளே போய்விட்டார்.

பிறகு பட்டியல். தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரை எழுதி வரச் சொன்னார் மேலதிகாரி. மச்சான், சகலை, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று எழுதி, எழுபதோடு சொந்தம் தீர்ந்து, கடைக்குப் பழைய மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வரை போனார். இரண்டே வாரத்தில் மச்சான் நம்பரை மாற்றினார். சகலை மட்டும் போனை எடுத்தார். முதல் பிரீமியத்தில் கமிஷனை விட்டுக்கொடு என்று கேட்க. "அது 41-ஆவது பிரிவுப்படி குத்தம் சகலை. 10 லட்சம் வரைக்கும் அபராதம்!" அன்றோடு அந்தப் போனும் போயிற்று. "245 கம்பெனிகளை ஒண்ணாச் சேர்த்து 1956-லயே எல்.ஐ.சி. ஆக்கிட்டாங்கண்ணே. எங்க வீட்டு நாலு அண்ணன் தம்பியை ஒரு பாரத்துல கையெழுத்துப் போட வைக்க என்னால முடியலை" என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

உண்மையில் அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு வார்த்தை. முதல் கேஸுக்காக மாமா வீட்டுக்குப் போனவர், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில், "மாமா, நாளைக்கே நீங்க செத்துட்டா அத்தைக்கு 10 லட்சம்!" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். நீட்டிய காபி டம்ளரை அத்தை திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விளக்கை 'அணை' என்று சொல்லக் கூசி 'குளிர வை' என்கிற ஊர் இது. 'போறேன்' என்றால் 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று வாசல் வரை வந்து திருத்துகிற ஊர். விற்பது எதுவோ அதன் பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் 26-ஆவது மணி நேரப் பாடம். மூன்றாம் மாதம் நம்மாள் தேறிவிட்டார். "கடவுள் புண்ணியத்துல அப்படி எதுவும் நடக்காது… ஒருவேளை ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா…" என்று குரலைத் தாழ்த்தி, கண்ணைக் கூரைப் பக்கம் ஓட்டி, மீதியை ஓடுகளிடம் விட்டுவிடுவார்.

அந்தப் பக்குவத்தோடு மறுபடி மாமாவிடம் போய் டேர்ம் பாலிசியை விளக்கினார்.

"அது சரி, ஒண்ணும் ஆகலைன்னா எவ்வளவு வரும்?"

"ஒண்ணும் வராது மாமா. ஆனா நீங்க நல்லா இருப்பீங்களே!"

"அது நான் பணம் கட்டாமலே இருப்பேனேடா!"

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு எதிரே பையைத் திறந்து, "ஒருவேளை ஏதாவது ஒண்ணு…" என்று குரலைத் தாழ்த்தினார். ஊஞ்சலில் படுத்திருந்த 88 வயதுப் பாட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடா முணுமுணுக்கிறே? செத்தா எவ்வளவு வரும்? அதைச் சொல்லு."

மூன்று மாதமாக யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவர், கையில் எடுத்த பாரத்தை மெல்லப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"பாட்டி, உங்க வயசுக்குப் பாலிசி தர மாட்டாங்க."

"அப்ப நான் செத்தா யாருக்கும் காலணா வராது?"

"வராது பாட்டி."

"பின்னே என்ன அவசரம்?" என்று பாட்டி மறுபடி சாய்ந்துகொண்டாள். "அந்தப் பிள்ளைக்குக் காபி கொடுங்க. எனக்கும் ஒரு வாய்."