கடல் தெரியும், கழுத்து முறியும்

கொழும்பு வெள்ளவத்தையில் 'கடற்காட்சியுடன் கூடிய சொகுசுத் தொடர்மாடி வீடு' விற்பனைக்கு. படத்தில் வரவேற்பறை கிரிக்கெட் ஆடும் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் இன்னொரு வரவேற்பறை, இன்னொரு ஜன்னல், இன்னொரு கடல். ஒரு விலைக்கு இரண்டு சமுத்திரம்!

நேரில் போனால், நாலு பேர் உட்கார்ந்ததும் ஐந்தாமவர் படிக்கட்டுக்குப் போகவேண்டும். கடல்? பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு அப்பால் கழுத்தை நீட்டுங்கள். நூலளவு நீலம். மரைன் டிரைவ் பக்கம் இன்னொருவர் மாடி எழுப்பினால் அதுவும் போச்சு. கொட்டாஞ்சேனையில் இதே கலைக்குத் 'துறைமுகக் காட்சி' என்று பெயர். பாரந்தூக்கியின் மூக்கு தெரியும்.

வித்தை பெரிதல்ல. அகலக்கோண லென்ஸோடு குளியலறை வாசலில் முதுகை ஒட்டி நின்று எடுத்தால், எதிர்ச்சுவர் தூர ஓடிவிடும். கண்ணாடியில் எல்லாம் விழும், எடுத்தவனைத் தவிர. அவனைக் கணினியில் அழித்துவிடுவார்கள்.

அழிக்க மறந்தது நொக்கியா. 2012இல் லூமியா 920 கைப்பேசி எடுத்த ஆடாத வீடியோ என்று காட்டினார்கள். வழியில் ஒரு ஜன்னல் கண்ணாடியில், பெரிய கெமராவோடு வான் வண்டியில் வந்த ஆள் விழுந்துவிட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவின் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்ட் கண்ணாடி நிறுவனம் இன்னும் கெட்டி. தன் கார்க் கண்ணாடியின் தெளிவைக் காட்ட, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுப் படம் பிடித்தது! போட்டிக் கண்ணாடிக்கு வாசலின் பூசியது. விஷயம் வழக்காகி, 1965இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

எங்கள் இலங்கையிலும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி எவரும் ஏமாற்றக்கூடாது என்கிறது. விலைப்பட்டியல் தொங்கவிடாத ஜம்பட்டா வீதிக் கடைக்காரருக்கு வழக்கு. முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை இருந்தபோது சில ரூபாய் கூட வைத்தவருக்குத் தண்டம். கண்ணாடிக்குள் கடலை வைத்துக் கோடிக்கணக்கில் விற்பவருக்கு? ஞாயிறு பத்திரிகையில் முழுப்பக்க வர்ண விளம்பரம். அதை அச்சடித்த பத்திரிகையே உள்ளே ஊழலைக் கண்டித்துத் தலையங்கம் எழுதும்.

டொரொண்டோவில் இரண்டு வேலை செய்யும் மகன் வட்ஸ்அப்பில் படம் பார்த்து முற்பணம் அனுப்புகிறான். அம்மா வந்து பார்க்கிறார். கட்டில் போட்டால் அறைக்கதவு திறக்காது.

"படங்கள் கற்பனைத் தோற்றம் எண்டு கீழ சின்ன எழுத்தில போட்டிருக்கிறம், அன்ரி" என்கிறார் விற்பனை முகவர்.

"அப்ப மிச்சக் காசையும் கற்பனையில வாங்கிக்கொள்ளுங்கோவன், தம்பி."