தோட்டாவுக்கும் சீசன் உண்டு

லே, மொதல்ல அந்தக் கேஸ் அடுப்ப அணை. அணைச்சிட்டியா? ரெகுலேட்டரையும் திருகு. இப்ப அந்தத் தட்டத் தூக்கிட்டு மெதுவா நடந்து வந்து இந்தத் தார்சாவுல வையி. ‘ணங்’குன்னு போடாத. ஒங்க ஆச்சி வச்ச சொதிச் சட்டியத் தூக்குதப்போ மட்டும் ஒனக்கு ஒரு பதனம் வரும்லா, அந்தப் பதனத்தோட வையி. ஆங். இப்ப நீயும் ஒக்காரு. தட்டுல இருந்து கைய எடு.

மச்சுல கெடந்த தகரப் பெட்டிய நீயே தொறந்து, உள்ள 12 பித்தளைத் தோட்டாக் கூடு இருக்குன்னு நீயே எண்ணி, அதுகள ஒவ்வொண்ணா வாயில வச்சு ஊதி, விசில் நல்லா வருதுன்னு நீயே குதிச்சு, எல்லாத்தையும் காய்ச்சி அளவுக்குக் கொண்டாந்து திரும்ப மருந்து போடலாம்னு நீயே முடிவும் பண்ணிட்ட. இவ்வளவும் காலம்பற காப்பிக்கும் இட்லிக்கும் நடுவுல. கோயமுத்தூர்ல நாலு வருசம் மெக்கானிக்கல் படிச்சதுக்கு இந்த வேகம் வந்திருக்கு, ஒத்துக்கிடுதேன். வேலை வரலேங்கது வேற சங்கதி.

என்ன திட்டம்னு சொன்னே? சுட்ட கூடு வீங்கியிருக்கும், லேத்துப் பட்டறையில ஒரு டை கடைஞ்சு அதுக்குள்ள தள்ளி பழைய சைஸுக்குக் கொண்டாரணும். நல்ல திட்டம்தான்லே. அமெரிக்காவுல இதுக்குன்னே மேசையும் கருவியும் வச்சு, வீட்டுப் பொறத்தால ஒக்காந்து செய்யுதவன் எம்புட்டோ பேரு. பேரருவிக்குப் போற வழியில வளையல்காரி என்ன செய்யுதா? தடிச்ச கையப் பிடிச்சு, வெரலச் சேத்து, எலும்பக் குவிச்சு, சின்ன வளையலுக்குள்ள நைசாத் தள்ளிருதா. அதே வித்தைதான். ஆனா வளையலத் தாண்டின மறு நிமிசம் கை பழையபடி விரிஞ்சிருது பாத்தியா? பித்தளையும் டையத் தாண்டினதும் ஒரு நூலு விரியும். அதனால டைத் துளைய வேண்டிய அளவுக்கு ஒரு முடி கம்மியாக் கடையணும். இது ஒங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தானா? சொல்லியிருப்பான். நீ அன்னைக்கு ஐந்தருவிக்கு வந்திருப்பே.

அளவுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. இது 12 போர்னு சொல்லுதியே, 12ன்னா என்ன? 12 மில்லிமீட்டரா? இல்லடா கோட்டி. ஒரு பவுண்டு ஈயத்த 12 சமமான உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எத்தனை தடிமனோ, அதுதான் குழல் வாய். சுமாரா 18.5 மில்லிமீட்டர். 16 போர்னா அதே ஒரு பவுண்ட 16 பேருக்குப் பங்கு வச்ச உருண்டை, அதனால வாய் சிறுசு. கல்யாண வீட்டுல ஆள் கூடக்கூட லட்டு சிறுக்கும்லா, அந்தக் கணக்கு.

நான் துப்பாக்கியப் பத்திப் படிச்சவன் இல்ல. 32 வருசம் பாத்திரக் கடையில கணக்கு எழுதினவன். எனக்குத் தெரிஞ்சது பித்தளை. இந்தக் கூட்டுப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெள்ளைக்காரன் இந்தக் கலவைக்கே தோட்டாப் பித்தளைன்னு பேரு வச்சிருக்கான். இழுத்த இழுப்புக்கு இதப் போல வார உலோகம் கொறச்சல். வட்டத் தகடு ஒண்ண வெட்டி, அமுக்கிக் கிண்ணமாக்கி, கிண்ணத்த அச்சுக்குள்ள இழுத்து இழுத்து நீட்டிக் குழலாக்குதான். ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் அது கொஞ்சம் வெறைச்சுக்கிடும். மறுபடி இழுத்தா கிழிஞ்சிரும். அதனால நடுநடுவுல காய்ச்சிச் சமாதானம் பண்ணணும். சுடுததும் அப்பிடித்தான். ஒரு வெடிக்கு ஒரு வீக்கம், டைக்குள்ள தள்ளினா ஒரு சுருக்கம். நாலஞ்சு தடவை வீங்கிச் சுருங்கினா வாய்ப்பக்கம் வெறைச்சுப் போயி ‘டிக்’குன்னு வெடிப்பு விடும். அதுக்குத்தான் வாயக் காய்ச்சணும்ங்காங்க.

காய்ச்சுததுலயும் ஒரு கூத்து இருக்கு. கொல்லன் அருவாளப் பழுக்கக் காய்ச்சித் தண்ணில முக்கினா அது கெட்டியாவும். கன்னான் பித்தளையக் காய்ச்சி அதே தண்ணில முக்கினா, முக்கின பொறவும் எளகித்தான் கெடக்கும். ரெண்டு பேரும் ஒரே தெருவுல இருந்தாலும் ரெண்டு வேதம். நீயோ கூட்ட முழுசா அடுப்புல படுக்க வைக்கப் பாத்தே. வாய்தான் எளகணும், அடிப்பக்கம் கெட்டியா இருக்கணும். வெடிக்குத வேகத்தத் தாங்குதது அந்த அடிதான். அடியும் எளகிப் போச்சுன்னா அழுத்தம் பின்னால பிச்சுக்கிட்டு வரும். குறி பாக்கதுக்கு ஒரு கண்ணு மூடுவாங்க. ஒனக்கு ரெண்டும் மூடிரும்.

சரி, அளவு அளவுங்கியே, எந்தத் துப்பாக்கிக்கு அளவு? மாப்பிள்ளைக்குச் செருப்பு எடுத்தா, நாலு மாசத்துல அது அவன் பாதத்துக்கு அமுங்கி வேற எவனுக்கும் ஆவாது. வெடிச்ச கூடும் அந்தந்தத் துப்பாக்கியோட அறைக்குத் தக்கன வீங்கியிருக்கும். ஒங்க பூட்டன், அதாவது எங்கப்பா, ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தாரு. அவரு போனதும் லைசென்சும் போச்சு. சொத்துப் பத்திரம் மாதிரி அது தானா மகனுக்கு வராது, நாமதான் விண்ணப்பம் போடணும். நான் போடல. துப்பாக்கியக் கொண்டுபோய் ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வந்தேன். அந்தா, சாமி படத்துக்குப் பின்னால சொருவியிருக்கு. பொண்ணே இல்ல, இவன் தாலிக்கு அளவெடுக்க வந்துட்டான்!

பூட்டன் வேட்டைக்காரர்னு ஒங்கம்மை ஊரெல்லாம் சொல்லுதா. சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சு அவரு சுட்டது மூணு. ஒரு பன்னி, ஒரு கருங்கல்லு, ஒண்ணு மேலத்தெருக்காரன் எருமை. எருமைக்குக் குடுத்த பணத்துல நாலு பன்னி வாங்கியிருக்கலாம். அதுக்கப்புறம் அந்தத் துப்பாக்கி வெளிய வந்ததெல்லாம் எலெக்சனுக்குத்தான். எலெக்சன் அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவான்லா, அப்ப எண்ணெ போட்டுத் தொடைச்சு, தோள்ல மாட்டி, தெரு நடுவுல நடந்து போவாரு பாரு, ஓட்டுக் கேட்டு வாரவன்கூட ஒதுங்கி நிப்பான்.

இதுல அவர மட்டும் கொற சொல்லப்படாது. நம்ம மண்ணு அப்பிடி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில ஒரு வேட்டைக்காரன வச்சாரே, சிங்கன், அவன் என்ன கொண்டாந்தான்? கண்ணி. தொணைக்கு நூவன். பறவை வந்து மேய்ஞ்சுது, ஆனா சிங்கனுக்கு மனசெல்லாம் பொஞ்சாதி சிங்கி மேல. எந்நேரமும் போனப் பாத்துக்கிட்டே மக்காச்சோளத்துக்குக் காவல் இருக்குத ஒன்ன மாதிரி.

இப்ப விசயத்துக்கு வா. பித்தளைக் கூடு எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா? அந்தக் காலத்துல தோட்டாக் கூடு நெறைய காயிதத்துல வந்துது. சீமையில சரி. நம்ம ஊரு சாரல்ல காயிதம் ஊறி உப்பிக்கிட்டு, குழலுக்குள்ள நொழையாது. நொழைஞ்சா வெளிய வராது. புலி முன்னால நிக்கும், துரை கத்தியால காயிதத்தச் சொரண்டிக்கிட்டு நிப்பாரு. அதனால பர்மிங்காம் பக்கம் கைனாக் மாதிரி கம்பெனிக்காரன் முழுப் பித்தளைக் கூடு போட்டான். நனைஞ்சாலும் உப்பாது, மறுபடி மறுபடி நெரப்பலாம். அந்தக் கைனாக் 1926ல ஐ.சி.ஐ.க்குள்ள போச்சு. ஆமாலே, முன்னால பெயின்ட் டப்பாவுல போட்டிருக்கும்லா, அதே ஐ.சி.ஐ.தான். நம்ம நாட்டுல கிர்க்கித் தோட்டாத் தொழிற்சாலை 1869லயே வந்திருச்சு. அங்க செஞ்சதுன்னா அடியில கே.எஃப்.னு குத்தியிருக்கும்.

காயிதத்த மழை கெடுத்துச்சு, பித்தளைய என்ன செஞ்சிரும்னு நெனச்சான் வெள்ளைக்காரன். செஞ்சுது! அவன் பட்டாளம் நம்ம நாட்டுல தோட்டாவக் குதிரை லாயத்துல அடுக்கி வச்சிருக்கு. மழைக்காலம் வந்தா, எவனும் சுடல, எவனும் தொடல, பெட்டிக்குள்ள இருந்த இடத்துலயே பித்தளை வாய் பொளந்துக்கிட்டுது. மழைக்காலத்துல மட்டும் வருதேன்னு அதுக்கு ‘சீசன் கிராக்கிங்’னு பேரு வச்சிட்டான். குற்றாலத்துக்கு மட்டும்தான் சீசன்னு நெனச்சுக்கிட்டு இருக்க நீ. தோட்டாவுக்கும் சீசன் உண்டு. நமக்குச் சீசன்ல மனசு விரியும், அதுக்கு ஒடம்பு விரியும்.

காரணம் என்னன்னு சரியா வெளங்கினது 1921லதான். இழுத்தும் அமுக்கியும் செஞ்ச பித்தளைக்குள்ள ஒரு இறுக்கம் தங்கியிருக்கும். வெளிய பாத்தா தங்கமா மினுங்கும், உள்ள விண்ணுன்னு இருக்கும். பொண்ணு வீட்டுல வந்து ஒக்காந்திருக்க சம்பந்தி மாதிரி. குதிரை மூத்திரத்துல இருந்து கெளம்புத அமோனியா ஆவியும், மழை ஈரமும் சேந்து அது மேல பட்டா, அந்த இறுக்கம் இருக்க எடமாப் பாத்து மயிரிழையா வெடிப்பு ஓடும். காய்ச்சின பித்தளை ஒழுங்கா இருந்துது, இறுக்கத்தோட விட்ட பித்தளை வெடிச்சுது. அதுலேர்ந்து தொழிற்சாலையில கடைசியா ஒரு சின்னச் சூடு காட்டி, உள்ள இருக்க கோவத்தத் தணிச்சுத்தான் அனுப்புதான்.

எங்க கடையிலயும் உரமூட்டை பக்கத்துல பித்தளை அடுக்கக்கூடாதுன்னு ஒரு கண்டிசன் உண்டு. காரணம் கேட்டா மொதலாளி ‘வாசனை ஆவாது’ம்பாரு. அவருக்கு 1921ம் தெரியாது, அமோனியாவும் தெரியாது. அடுக்கமாட்டாரு, அவ்வளவுதான்.

இந்தத் தகரப் பெட்டி அம்பது வருசம் எங்க இருந்துச்சு? மச்சுல. மச்சுக்குக் கீழ? தொழுவம். நாலு மாடு, ரெண்டு எருமை, வருசா வருசம் ஆனி ஆடிச் சாரல். குதிரை இல்லேன்னா என்ன, மாட்டுக்கு மூத்திரம் வராதா? நீ கை வைக்காத, நான் எடுத்துத் தாரேன். இந்தா, இத மட்டும் பிடி. வெளிச்சத்துல வாய்ப்பக்கம் திருப்பிப் பாரு. முடி ஒட்டியிருக்க மாதிரி ஒரு கோடு தெரியுதா? நெகத்த வச்சு இழு. தட்டுதுல்லா? முடின்னா வந்திரும். அது வெடிப்பு. இதையா நீ டைக்குள்ள தள்ளப்போற? இப்பவே விரிஞ்சு கெடக்கு.

நீ சொல்லுத மாதிரி காட்டுப்பன்னி மக்காச்சோளத்தத் திங்குதுங்கதும் உண்மைதான். வடகரைப் பக்கம் தென்னைய ஆனை சாய்க்குதது அத விட உண்மை. அதுக்காக நீயே தோட்டா செய்யணுமா? 2025ல அரசாங்கம் சொல்லியிருக்கு. காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியச் சுடப்படாது. 1ல இருந்து 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும். 3 தாண்டினா வனத்துறைக்காரன் சுடலாம். வனத்துறைக்காரன்! நீ இல்ல. பன்னிகிட்ட டேப்பு கெடையாதேன்னு கேக்காத, ஒங்கிட்ட லைசென்சு கெடையாதுங்கதுதான் இங்க பேச்சு. 1959 ஆயுதச் சட்டத்துல லைசென்சு இல்லாம தோட்டா செய்யுததே குத்தம். 2019ல திருத்தி, அதுக்குத் தண்டனை 7 வருசத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும் வச்சிருக்கான். பன்னி தின்னது ரெண்டு சென்ட் சோளம். ஜெயில்ல 7 வருசத்துக்கு ஒனக்குச் சோறு போட அரசாங்கத்துக்கு அதைவிட நெறைய ஆவும்.

என்ன, மூஞ்சி தொங்கிப் போச்சு? தொங்கட்டும். இம்புட்டு நேரம் நான் எதுக்குப் பேசினேன்னு கேளு. பித்தளைப் பாடம் நடத்தவா? ஒன்ன அடுப்புகிட்ட இருந்து பிரிச்சு, ஒரே எடத்துல ஒக்கார வச்சு, ஒங்க ஆச்சி பக்கத்து வீட்டுப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நடைக்கு அந்தால போறவரைக்கும் வாயாடிக்கிட்டு இருந்தேன். போய்ட்டா. இப்பச் சொல்லுதேன்.

காலம்பற நீ விசில் அடிச்சேல்லா, குக்கர் விசில எண்ணுத மாதிரி நானும் உள்ள இருந்து எண்ணிக்கிட்டுத்தான் கெடந்தேன். கூடு 12ன்ன. விசில் 11தான் வந்துது.

தட்டுல அந்த ஓரத்துல, வாயில களிம்பு அடைச்சிருக்குன்னு நீ ஒதுக்கி வச்சியே ஒண்ணு, அது களிம்பு இல்ல. அட்டை வச்சு மெழுகு ஊத்தி மூடினது. எங்கப்பா கைவேலை, எனக்குத் தெரியும். உள்ள மருந்து, ரவை, அடியில கேப்பு எல்லாம் அப்பிடியே இருக்கு. அதத் தொடாத, நவுத்தாத, கிண்டாத. எந்திரி. மெதுவா. நடைக் கதவச் சாத்திக்கிட்டு வெளிய வா, ஸ்டேஷனுக்குப் போன் போடு. போன்தான் ஒங்கையிலயே இருக்கே.