இல்லாத பிரிவின் கண்காணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
தன்னார்வலர் பிரிவு,
(எந்த அலுவலகம், எந்த மாடி என்பது தெரியவில்லை)
ஆரணி.

பொருள்: சம்பளம் கேட்காமல் வேலை செய்ய அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: "அது எங்க செக்‌ஷன் இல்ல சார்" என்ற பல்வேறு அலுவலர்களின் வாய்மொழி உத்தரவுகள்.

ஐயா,

தங்கள் பிரிவு ஒன்று இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் யூகித்தேன். இந்த ஊரில் எந்தப் படி ஏறினாலும் "அது எங்க செக்‌ஷன் இல்ல சார்" என்கிறார்கள். எவருடைய செக்‌ஷனிலும் சேராத காரியம் அரசாங்கத்தில் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே இது தங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். முகவரி தெரியாததால் பொதுவில் எழுதுகிறேன். கண்ணில் பட்டால் கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

எனக்கு வயது 58. பட்டுப் புடவைக் கடை ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பாவுக்கு இவ்வளவு பட்டு, ஊடைக்கு இவ்வளவு, ஜரிகை இத்தனை மார்க் என்று நிறுத்துக் கொடுத்து, நெய்து வந்த புடவையைத் திரும்ப நிறுத்து வாங்கிய கை இது. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது, எனக்கு மாலை நேரம் வந்தது. அதில் தினம் இரண்டு மணி நேரத்தை ஊருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதுவேன். பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். என் கொடை இவ்வளவுதான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் வாயில் எத்தனை பல் என்பது இப்போது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

முதலில் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "உங்கள யார் அனுப்பினாங்க?" என்றார். யாரும் அனுப்பவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. யாரோ அனுப்பி வருகிறவரைச் சமாளிக்க வழி உண்டு. தானாக வருகிறவரை என்ன செய்வது? அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர் முற்பிறவி, பாவம் என்று மாணவிகளுக்கு வகுப்பெடுத்துவிட்டுப் போனார். இடமாற்ற உத்தரவு தலைமையாசிரியருக்கு வந்தது. முன்பின் தெரியாத ஆளைப் பிள்ளைகளோடு விடக் கூடாது என்பதும் சரிதான். போலீஸ் விசாரணை வையுங்கள், ஆதார் கேளுங்கள், கூடவே ஓர் ஆசிரியரை உட்கார வையுங்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம். யாரிடம் கேட்டால் இதெல்லாம் நடக்கும் என்பதுதான் கேள்வி. "மேல கேக்கணும் சார்" என்றார். மேலே போனேன். மேலே இருந்தவர் "ஸ்கூல்ல கேளுங்க" என்றார்.

நூலகத்தில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது. புத்தகங்களை வரிசைப்படுத்தித் தருகிறேன் என்றேன். ஒரு புத்தகம் குறைந்தாலும் தன் தலையில்தான் விழும் என்று அங்கிருந்தவர் சொன்னார். பிறகு, நான் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இன்னொரு வழியும் காட்டினார்: 1000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம், ரசீது உடனே கிடைக்கும். கவனியுங்கள் ஐயா, பணம் கொடுக்க வந்தால் படிவம், ரசீது, பட்டம் எல்லாம் தயார். நேரம் கொடுக்க வந்தால் "அப்புறம் வாங்க."

மனு எழுதித் தரலாம் என்று ஓர் அலுவலக வாசலுக்கும் போனேன். அங்கே மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவர் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, நீங்க சும்மா எழுதிக் குடுத்தா நான் எத வச்சி சோறு துன்றது?" என்றார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் கேட்ட ஒரே நியாயமான மறுப்பு அதுதான். மறுப்பவருக்குத் தாம் ஏன் மறுக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் நான் மறுபடி போகவில்லை.

சங்கங்களும் உண்டு. சேர்ந்தால் சந்தா, சந்தா கட்டினால் கூட்டம், கூட்டம் முடிந்ததும் பொன்னாடை. புவிசார் குறியீடு வாங்கிய பட்டு நெய்கிற ஊரில், மேடையில் போர்த்துகிற பொன்னாடை மட்டும் எங்கேயோ மில்லில் ஓடிய பாலியஸ்டர். மற்றபடி அங்கே வேலை என்று எதுவும் கண்ணில் படவில்லை. இதற்கு நடுவே தெருவில் ஒரு வதந்தி வேறு: கணக்கப்பிள்ளை வார்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறார் என்று. சும்மா உதவி செய்ய ஒருவன் அலைகிறான் என்பதைவிட அது நம்பும்படி இருந்திருக்கிறது.

அரசாங்கத் திட்டங்களையும் பார்த்தேன், வயது இடிக்கிறது. மத்திய அரசின் 'மை பாரத்' தளம் 15 முதல் 29 வயது வரையுள்ள இளைஞர்களுக்கானது. பேரிடர் காலத்தில் உதவுகிற 'ஆப்த மித்ரா' பயிற்சிக்கு 18 முதல் 40 வரை. எங்கள் ஊர்க் கமண்டல நாக நதியில் வெள்ளம் வந்தால் நான் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் விதிப்படி சரி. அரசாங்கம் என்னிடம் நம்பி வாங்கிக்கொள்ளும் ஒரே பொருள் என் ரத்தம்: 65 வயது வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும், சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. உடம்பில் ஓடுகிற வரை நம்பிக்கைக்குரியவன். வாயைத் திறந்து பின்னக் கணக்குச் சொன்னால் சந்தேகத்துக்குரியவன்.

பழைய நாளைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது என் வயதுக்காரர்களின் தொழில் என்று தாங்கள் நினைக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது மாவட்ட நிர்வாகமே ஆள் கேட்டுத் தெருவுக்கு வந்தது. கல் உடைக்கிற பெண்களும் படித்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. பெண்கள் ஊர் ஊராகப் போய்வர வேண்டுமே என்று சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அப்போதுதான். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. பட்டப் படிப்பு முடித்த பெண்கள் அந்த ஆயிரத்துக்குப் போட்டி போட்டார்கள் என்றால் அதைத் தொண்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்த இடத்தை நான் கேட்கவும் மாட்டேன்.

கேரளத்து மலப்புறத்துக்காரர்களின் கதை இன்னும் எரிச்சலூட்டும். 2001-இல் அங்கே தொடங்கிய வலி தணிப்புக் கூட்டமைப்பில் சேர 16 மணி நேரப் பயிற்சி. பிறகு வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால் போதும். படுக்கையில் கிடக்கிற நோயாளி இருக்கும் வீட்டுக்கு உங்களைக் கூட்டிப் போவார்கள். கடைக்காரர், ஆட்டோக்காரர், கல்லூரிப் பிள்ளை எல்லாருக்கும் அதில் வேலை இருக்கிறது. கோயில்களில் உழவாரப்பணி செய்யக்கூட அறநிலையத் துறை இணையவழிப் பதிவு வைத்திருக்கிறது. உழவாரத்தைக் கையில் எடுத்த அப்பர் எந்தத் தளத்தில் பதிவு செய்தார் என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன், எனக்குப் பொறாமைதான். பதிவு செய்ய ஓர் இடமாவது இருக்கிறதே!

'இவ்வளவு பேசுகிறாயே, நேராக ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தர வேண்டியதுதானே' என்று தாங்கள் கேட்கலாம். போகிறேன் ஐயா. போவதால்தான் எழுதுகிறேன்.

பள்ளி விட்ட பிறகு எங்கள் நெசவுத் தெருவில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். குழியில் கால் விட்டு உட்கார்ந்து அப்பா தறி மிதிக்கிறார். வாசலோரம் அம்மா ராட்டையில் ஊடை இழையைச் சுற்றித் தார் போடுகிறாள். தறியை ஒட்டினாற்போல், பாவுக்கு மேலே தொங்குகிற பல்பு வெளிச்சத்தில், ஆறாம் வகுப்புப் பெண் பின்னக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். நாடாவில் இழை தீர்ந்ததும் அப்பா "தார்" என்கிறார். பெண் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய் எடுத்துத் தருகிறாள். திரும்பி வந்து உட்காரும்போது மூன்றில் ஒன்றா, ஒன்றில் மூன்றா என்பது குழம்பிவிடுகிறது. மறுபடி ஆரம்பிக்கிறாள். மறுபடி "தார்."

புடவைக்குக் கூலி ஒன்றுதான். அது தறியில் உட்கார்ந்தவர் பேரில் எழுதப்படும். தார் போட்டவளுக்கும் எடுத்துத் தந்தவளுக்கும் கூலி நோட்டில் பத்தி கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். கணக்கில் வராத சிறுமிகளை நான் தெருவில் பார்க்கிறேன். ஆகவே ஆரணியில் சம்பளமில்லாத் தொண்டு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு புடவையிலும் பாதி அதுதான். அதைச் செய்ய எவரும் அனுமதிக் கடிதம் கேட்டதில்லை, வயது வரம்பும் வைத்ததில்லை.

தெரிந்த வீடுகளுக்கு நான் போய்விடுவேன். தெருப் பிள்ளைகள் எல்லாரையும் எந்த வீட்டில் உட்கார வைப்பது? தறி போக மிச்சமுள்ள இடத்தில் சோறு பொங்கவே நெருக்கடி. சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற ஒரு வகுப்பறை, ஒரு டியூப்லைட், 'தார்' என்கிற குரல் எட்டாத ஒரு மணி நேரம். நான் கேட்பது இவ்வளவே.

1985-இல் ஐ.நா. சபை டிசம்பர் 5-ஐத் தன்னார்வலர் தினமாக அறிவித்தது. 2026-ஐத் தன்னார்வலர் ஆண்டாகவே அறிவித்திருக்கிறது. விழா எடுப்பீர்கள், உறுதிமொழி வாசிப்பீர்கள், எனக்குத் தெரியும். அதைத் தவறவிட வேண்டாம். ஆனால் அன்று ஒரு பதிவேடும் திறந்து வையுங்கள். பெயர், என்ன தெரியும், எப்போது வர முடியும் என்று எழுத இடம் இருந்தால் போதும். அட்டையில் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கட்டும். கேட்டால் "ஆமாம், என் செக்‌ஷன்தான்" என்று சொல்லக்கூடிய ஒருவராக அவர் இருக்கட்டும்.

பதிவேடு வாங்க நிதி ஒதுக்கீடு இல்லையென்றால், 200 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்றை நானே வாங்கித் தருகிறேன். அதைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை மட்டும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாலையில் சும்மா இருக்கும் ஒரு கணக்கப்பிள்ளை,
ஆரணி.