வழுக்கும் கழிப்பறை

ஊர் நடுவில் ஒழுங்கை நிலைநாட்டும் கலையை உலகம் நம் நகராட்சிகளிடம்தான் கற்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒருவன் மூத்திரம் போகிறான். கழிப்பறை கட்டினால் செலவு. சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினால் சிக்கனம். பிள்ளையார், ஏசு, மெக்கா என்று மூன்றும் வரிசையாக ஒட்டப்படுகின்றன. தமிழ்நாட்டில் மதநல்லிணக்கம் கொஞ்சமும் குறையாமல் வாழ்வது அந்தச் சுவரில்தான். மூன்று மதமும் சேர்ந்து துப்புரவு வேலை பார்க்கின்றன. சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயர்கூடக் கிடையாது.

தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து நம் கோவில்பட்டியில் எட்டயபுரம், கழுகுமலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண் எந்தச் சுவரையும் நனைப்பதில்லை. ஒதுங்க இடமில்லை என்று தெரிந்தவள், கரிசல் வெயிலில் தண்ணீரே குடிக்காமல் வந்திருப்பாள். அவளால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிற்பாடு சிறுநீரகம் தொந்தரவு செய்யும். அது அவள் சொந்த விஷயம். நகராட்சி எல்லைக்குள் வராது.

நகரத் தொல்லைகளுக்கென்று வெள்ளைக்காரன் 1889-லேயே சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டான். தெருவில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பது அதில் குற்றம். அவன் கள்ளுக்கும் சாராயத்துக்கும் வரி வாங்கியதோடு நின்றான். நாம் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டோம். 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். 2023-24-இல் மட்டும் அதனால் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். பகல் 12 மணிக்கு அரசாங்கம் கடையைத் திறக்கிறது, இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. பத்தே காலுக்கு அதே அரசாங்கம் தொப்பி மாட்டிக்கொண்டு வந்து, 'ஏலே, எந்திரிலே' என்று லத்தியால் குத்துகிறது.

நீலகிரியில் 2022-இல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவார்கள். காட்டு யானையின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம். காலி பாட்டிலைத் திரும்ப வாங்க ஆள் உண்டு. காலியான மனுசனைத் திரும்ப வாங்கத்தான் இன்னும் கவுன்ட்டர் திறக்கவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. கடையை நகர்த்துவது கஷ்டம் என்பதால் நெடுஞ்சாலையை நகர்த்தப் பார்த்தார்கள். ஊருக்குள் போகும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாகப் பெயர் மாற்றத் தீர்மானம் போடச் சொல்லி, 2017 ஏப்ரலில் உள்ளாட்சிகளுக்குக் கடிதம் போனது. தீர்மானம் போடக் கவுன்சிலர்கள் இருந்தார்களா? 2016 அக்டோபரிலேயே அவர்கள் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடத்தாமல், தனி அலுவலர்கள் நாற்காலியில் இருந்த காலம் அது. குடிநீருக்கு இந்த வேகத்தில் ஒரு கடிதம் போனதுண்டா? சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் சொல்லிவிட்டது. நாட்டின் நீளமான நெடுஞ்சாலை கோவில்பட்டியை ஒட்டித்தான் போகிறது. நகராட்சி என்று பெயர் எடுத்ததால் நமக்குக் கிடைத்த பெரிய சலுகை இதுதான்.

இத்தனைக்கும் நடுவே ஆக்கிரமிப்பாளர் என்று பிடிபடுவது யார்? வெள்ளரிப்பிஞ்சுக் கூடைக்காரம்மா. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து முடிக்கும்வரை அவளை அப்புறப்படுத்தவே கூடாது. அதற்குப் பிறகு எழுப்புவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பிடுங்கிய பண்டத்துக்குப் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளென்றால் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். இடத்தை முடிவு செய்யும் கமிட்டியில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். சட்டம் டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. தராசு குப்பை லாரியில் போகிறது. இரண்டடி இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தவள் போக்குவரத்துக்கு இடைஞ்சல். ரோட்டை மறித்து நிற்கும் மந்திரி வரவேற்பு வளைவோ மரியாதை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணப் பேனர் மேலே விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரிச் சக்கரத்தில் மாட்டிச் செத்தாள். வெள்ளரிக்கூடை விழுந்து செத்தவர் உண்டா?

நாம் மட்டும் இப்படியில்லை. சமூக விரோத நடத்தைக்கென்றே 1998-இல் தனி ஆணை கண்டுபிடித்த நாடு இங்கிலாந்து. இந்த இடத்தில் இன்னது கூடாது என்று கவுன்சிலே தடை போட்டு அபராதம் வாங்க 2014-இல் சட்டம் வந்தது. பிச்சை கேட்பதும் தெருவில் படுப்பதும் சில ஊர்களில் அந்தப் பட்டியலில் ஏறின. கடைவாசலில் கூடும் விடலைகளை விரட்ட, இளங்காதுக்கு மட்டும் கேட்கும் கீச்சொலிக் கருவி ஒன்று 2005-இல் வேல்ஸில் பிறந்தது. அதற்குப் பெயர் 'கொசு'. இதில் நாம் தாழ்ந்துபோகவில்லை. அவர்கள் கருவி செய்தார்கள். நாம் சாக்கடையைத் திறந்து போட்டு அசலையே வளர்த்துவிட்டோம்.

இதற்கும் அடங்காதவனுக்குக் கடைசி வைத்தியம் போலீஸ் ஸ்டேஷன் கழிப்பறை. பிடிபட்டவன் அதில் வழுக்கி விழுவான். மறுநாள் மாவுக்கட்டோடு படம் வரும். நாமும் சபாஷ் போட்டு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவோம். அங்கே இன்ஸ்பெக்டர் வழுக்கியதில்லை, ஏட்டையா வழுக்கியதில்லை. ஊரில் கழிப்பறையே பற்றாக்குறை. இருக்கிற ஒன்றும் ஆள் பார்த்து வழுக்குகிறது.

அந்தச் சபாஷுக்கு என்ன விலை என்று கோவில்பட்டிக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் நம் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு மாதத்தில் ஊர்ப்பெயர் மறுபடியும் நாடெல்லாம் போனது, கிளைச்சிறையின் பெயரோடு. ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி, ஜூன் 19 அன்று சாத்தான்குளம் போலீஸார் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஒரு மருத்துவர் தகுதிச் சான்று எழுதினார்; ஒரு மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். சுமார் நூறு கிலோமீட்டர் கடந்து கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு வந்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் 23 காலையில் தகப்பனும் நம் அரசு மருத்துவமனையில் செத்தார்கள். சிபிஐ 9 போலீஸார் மீது கொலைக் குற்றம் சாட்டியது. இத்தனையும் ஒரு கடை ஷட்டரை எத்தனை மணிக்கு இறக்குவது என்ற ஒழுங்குக்காக.

சமூக விரோதி என்ற பட்டத்தை வழங்குவதிலும் நம் மாவட்டம் விவரம் கண்டது. 2018 மே 22-லும் மறுநாளும் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்ன போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆறுதல் சொல்ல வந்த ரஜினிகாந்த், போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். தூண்டுதல் இல்லாமலே சுட்டார்கள் என்ற அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வர 2022 ஆனது. பட்டம் கொடுக்க ஒரு வாரம். அதைத் துடைக்க நாலு வருசம்.

'ஊரைச் சுத்தப்படுத்தப் போறோம் அண்ணாச்சி' என்று அடுத்த முறை யாராவது கும்பிட்டுக்கொண்டு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். பெண்கள் காசில்லாமல் போகிற கழிப்பறை ஊருக்குள் எத்தனை, இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும்? தெரு வியாபாரிகள் கமிட்டி கடைசியாக எப்போது கூடியது, அதில் உட்கார்ந்த வியாபாரி யார்? டாஸ்மாக் வாசலில் கிடப்பவனைத் தூக்கிப்போக எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி? பதில் இல்லாத நகராட்சிதான் ஊரின் முதல் தொல்லை. அதைத் தண்டிக்க 1889 சட்டத்தில் வழியில்லை, ஓட்டில் உண்டு. அந்த ஓட்டையும் ஐந்நூறு ரூபாய்க்கும் ஒரு குவார்ட்டருக்கும் கொடுத்துவிட்டோமானால், அடுத்து வழுக்கி விழப்போவது நம் வீட்டுப் பிள்ளை.