தொன்மையும் தங்கலும்: வாடகை வேன் பயணங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓரிடம் எவ்வளவு பழையதோ, அவ்வளவு சீக்கிரம் அங்கிருந்து வேன் கிளம்பும் என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருதுகோள். இத்துறையில் முன்னோடிகள் யாரும் இல்லை. இருந்திருந்தால் மரபுப்படி அவர்களை மறுத்துவிட்டே தொடங்கியிருப்போம்.

முதல் களம், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதால் இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல என்பது நிலவியலார் முடிவு. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து இறுகியதால் வளையமும் கணுவும் அப்படியே தெரிகின்றன. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பதிவு செய்தார். கூடவே மாமியாரும் பிள்ளைகளும் வந்திருந்தால் செய்திருக்க மாட்டார்.

நம் ஆய்வுக்குட்பட்ட குடும்பத்தில் பெரியம்மா ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து, "விறகு மாதிரியே இருக்கே, எரியுமா?" என்றார். சித்தப்பா அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார். பொடியன் ஒருவனின் டவுசர் பை தொங்குவதைக் கண்ட காவலாளி, உள்ளே இருந்ததை வெளியே எடுக்கச் சொன்னார். அது ரோடு போட இறக்கிய ஜல்லி. அதன்பின், வெயில் மண்டையைப் பிளக்கிறது என்னும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அருகிலேயே சந்திரமௌலீஸ்வரர் கோயில், வக்கிரகாளியம்மன் சன்னிதி. சோழர் காலத்தது, அதாவது அந்த மரங்களுக்கு முன் பச்சைக் குழந்தை. எனவே இங்கே தங்கல் பல மடங்கு கூடியது: அர்ச்சனை, எலுமிச்சம்பழம், பிரசாதம், செருப்பைத் தேடுதல். எல்லாவற்றிலும் இளையது அன்று விடியற்காலையில் கிளறிய புளியோதரை. ரோட்டோரப் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தவர்களை எழுப்ப டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று. திருவக்கரையில் கல்லாகிக் கிடப்பவற்றுள் புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. பாட்டன்களுக்குக் கிடைக்காத மரியாதை பேரனுக்குக் கிடைத்தது. பேரனுக்கு இலை இருந்ததுதான் காரணம் என்று சொல்லும் நிழல்வாதிகளை அடுத்த கட்டுரையில் கவனிப்போம்.

இக்கருதுகோளை மறுக்கச் சிலர் செஞ்சிக் கோட்டையைக் காட்டுவர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதன் முன் முற்றுகையிட்டுக் கிடந்தது மெய்தான். ஆனால் தளபதி சுல்பிகார் கானுக்குக் கிலோமீட்டர் கணக்கும் இல்லை, டிரைவர் பேட்டாவும் இல்லை. நம் குடும்பம் அங்கே போனபோது, ஏறத்தாழ 800 அடி உயர ராஜகிரிக் குன்றை அண்ணாந்து பார்த்ததும் சித்தப்பா, "கீழ இருந்தே நல்லாத் தெரியுதே" என்னும் தத்துவப் பள்ளியை நிறுவினார். மூட்டுவலி உள்ளவர்கள் உடனே சேர்ந்தார்கள். இல்லாதவர்களும் வலியை வரவழைத்துக்கொண்டு சேர்ந்தார்கள். கல்யாண மஹாலைப் பின்னால் வைத்து ஒரு குரூப் போட்டோ. அத்தனை வருடம் போராடி முகலாயர் பிடித்த கோட்டையை இவர்கள் ஒரே கிளிக்கில் பிடித்துவிட்டார்கள்.

நல்ல கருதுகோள் என்றால் நடக்கப்போவதையும் சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கிறது. நீளம் 18 மீட்டர், வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அறிவித்தது. திருவக்கரையைப் போல் ஆறு மடங்கு பழையது என்பதால் நம் வாய்ப்பாட்டின்படி அங்கே வேன் நிற்கவே கூடாது. அடுத்த முறை திருச்சிக்குப் போகையில் இதைச் சோதித்தோம்.

"இங்க திரும்பினா என்ன இருக்கு?" என்றார் பெரியம்மா.

"கல்லுமரம்மா."

"அதான் பாத்தாச்சே."

டிரைவர் ஏற்கெனவே டாப் கியரில்தான் இருந்தார்.