எருமையூர் யாத்திரை

கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவன் மூன்று முறை மைசூர் போகாமல் சாக முடியாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒன்று, கல்யாணமான புதிதில் ஒன்று, வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒன்று. முதல் முறை போனதில் திம்பம் வளைவுகளில் வாந்தி எடுத்தது நினைவிருக்கிறது. இரண்டாம் முறை போனதில் சண்டை போட்டது நினைவிருக்கிறது. மூன்றாம் முறை பெரியப்பாவோடு போனபோதுதான் அந்த ஊருக்கு ஒரு வரலாறும் இருப்பது தெரியவந்தது.

பெரியப்பா வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று ஆகிய நான்கையும் தாண்டி உலகத்தில் இலக்கியம் எதுவும் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. எந்தக் கோட்டையைக் காட்டினாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இது யார் பேர்ல இருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை காலை சாமுண்டி மலை. ஆயிரம் படி ஏறிப் போகிறவர்கள் புண்ணியவான்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம். மேலே இறங்கியதும் பெரிய மீசை, ஒரு கையில் வாள், மறு கையில் பாம்பு, கண்ணைப் பறிக்கும் வண்ணச்சட்டை என்று மகிஷாசுரன் நிற்கிறான். கோயிலுக்குள் இருக்கும் அம்மனைவிட அவனோடு படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம்தான் அதிகம். அம்மன் அவனை வதம் செய்ததையும், அவன் பெயரால் மகிஷூர் என்று ஆகி, மைசூராகி, 2014-இல் அரசாங்கமே மைசூரு என்று மாற்றி எழுதியதையும் சொன்னேன்.

பெரியப்பா யோசித்தார். "ஜெயிச்ச அம்மனுக்கு மலை மட்டும். தோத்தவன் பேர்ல ஊரே இருக்குது. இது என்ன பாகப்பிரிவினை கண்ணு?"

வேடிக்கையாகக் கேட்டாலும் அதுதான் மைசூரின் சூட்சுமம். இந்த ஊரில் தோற்றவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். நம் சங்கப் பாட்டிலேயே எருமையூரன் என்று ஒருவன் வருகிறான். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் கூட்டமாகப் போய் உதைவாங்கிய எழுவரில் ஒருவன். அந்த எருமையூர்தான் இன்றைய மைசூர் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆக, இந்த ஊர்க்காரர் முதன்முதலில் தமிழில் தலைகாட்டியதே தோற்ற பட்டியலில்தான்.

உடையார் வம்சம் தொடங்கியது 1399-இல். அரண்மனை சொல்லும் கதைப்படி துவாரகையிலிருந்து யதுராயன், கிருஷ்ணராயன் என்று அண்ணன் தம்பி இருவர் யாத்திரை வந்தார்கள். நம்மைப் போலத்தான்: கோயில் பார்க்க, குளம் பார்க்க. வந்த இடத்தில், இறந்துபோன தலைவனின் மகளைத் தனக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி மாரநாயகன் என்பவன் மிரட்டிக்கொண்டிருக்கிறான். அண்ணன் தம்பி சேர்ந்து அவனை முடித்தார்கள். யதுராயன் பெண்ணையும் கட்டிக்கொண்டான், ஊரையும் வாங்கிக்கொண்டான். சுற்றுலா வந்தவர்களிலேயே மைசூரால் முழுப் பலன் அடைந்தவர் அவர்தான். மற்ற எல்லோரும் ஊதுபத்தியும் சந்தன சோப்பும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம்.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகள் விஜயநகரத்துக்குக் கப்பம் கட்டியே ஓடின. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து அங்கே தசரா கொண்டாட்டத்தைத் தொடங்கினார். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பம். விஜயநகரப் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அலமேலம்மாவிடம் நகைகள் இருந்தன. ரங்கநாயகித் தாயாருக்கு விசேஷ நாளில் சாத்தும் நகைகள். "அதைக் கொடும்மா" என்று ராஜா ஆள் அனுப்பினார். கொஞ்சம் கொடுத்தாள், மிச்சத்தைக் கொடுக்க மனமில்லை. படை வந்தது. அந்தம்மா நகையை மடியில் கட்டிக்கொண்டு காவிரியில் குதித்தாள். குதிக்கும்முன் மூன்று சாபம்: தலக்காடு மணலாகப் போகட்டும், மாலங்கி மடுவாகப் போகட்டும், மைசூர் ராஜாக்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்.

தலக்காட்டில் கோயில்கள் மணலுக்குள் புதைந்து கிடப்பதை இன்றும் பார்க்கலாம். காவிரி வளைவில் காற்று அள்ளிக் கொட்டிய மணல் என்று புவியியல் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, முதல் சாபம் காற்றின் கணக்கு. மூன்றாவதற்கு என்ன சொல்வது? மும்மடி கிருஷ்ணராஜருக்கு வாரிசு இல்லாமல் சாமராஜேந்திரர் தத்து. அவருக்குப் பிறந்த நால்வடி கிருஷ்ணராஜருக்குப் பிள்ளையில்லை. தம்பி மகன் ஜெயசாமராஜர் வந்தார். அவருக்குப் பிறந்த ஸ்ரீகண்டதத்தர் 2013-இல் பிள்ளையில்லாமல் காலமானார். 2015-இல் யதுவீர் தத்து. அவருக்கு 2017-இல் ஆண் குழந்தை பிறந்ததும் சாபம் தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஒன்று விட்டு ஒன்று வந்த வரிசையை எண்ணிப் பார்க்கிறவன் அவசரப்பட்டு அப்படி எழுதமாட்டான்.

இந்தக் கதையை நான் சொன்னபோது பெரியப்பா முதன்முறையாக உணர்ச்சிவசப்பட்டார். "நானூறு வருசமா வாரிசுத் தகராறு! எத்தனை மனு, எத்தனை விசாரணை! அந்தப் பொம்பளை ஒரு தாலுகா ஆபீசுக்கே வேலை குடுத்துட்டுப் போயிருக்குது." சாபம் கொடுத்தவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அரண்மனைக்குள்ளேயே சிலை வைத்துப் பூஜை செய்கிறார்கள் என்றேன். இதுவும் மைசூர் பாணி. தோற்று ஆற்றில் விழுந்தவளுக்கு வீட்டுக்குள்ளேயே மாடம்.

கண்டீரவ நரசராஜரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிக்காரனுக்குப் பாவம் சேரும். 1638 முதல் 1659 வரை ஆண்டவர், பெரிய மல்லர். மாறுவேடத்தில் திருச்சிக்கு வந்து அங்கே யாராலும் வெல்லமுடியாத மல்லனைச் சாய்த்துவிட்டு, யாரென்று சொல்லாமல் போய்விட்டார் என்பது மைசூர்க்காரர்கள் கதை. 1650களில் அவருடைய படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரைப் பக்கம் போனது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டை கட்டி அனுப்பியது. படுக்கையில் கிடந்த திருமலை நாயக்கர் சேதுபதிக்கு ஆள் அனுப்ப, அவர் வந்து மைசூர்ப் படையைத் துரத்தினார். அதோடு விட்டார்களா? மதுரைப் படை மைசூர் வரை போய் அங்கே மூக்குகளை அறுத்தது. ராஜாவின் மூக்கே போயிற்று என்பது மதுரைக்காரர்கள் கதை. மைசூரில் இதை யாரும் சொல்வதில்லை. அரண்மனைப் படங்களில் ராஜாக்களுக்கெல்லாம் மூக்கு நன்றாகவே இருக்கிறது, ஓவியர்கள் புத்திசாலிகள்.

பிறகு நூறு வருஷத்தில் தளவாய்களின் கை ஓங்கி, 1761 வாக்கில் எல்லாமே ஹைதர் அலி கைக்குப் போனது. உடையார்கள் தசராவுக்கு மட்டும் வெளியே எடுக்கிற உற்சவ மூர்த்தி ஆனார்கள். 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தபின், வெள்ளைக்காரர்கள் தேடிப் பிடித்து உடையார் வம்சத்து ஐந்து வயதுக் குழந்தையைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மைசூரில் அப்போது அரண்மனையே இல்லை. ஜூன் 30-இல் பந்தல் போட்டுப் பட்டாபிஷேகம். நம் பக்கம் காதுகுத்துக்குப் போடுகிற மாதிரி.

அந்தக் குழந்தைதான் மும்மடி கிருஷ்ணராஜர். என்னைக் கேட்டால் மைசூரில் பார்க்கவேண்டிய முதல் அதிசயம் அவர்தான். வளர்ந்து, ஆண்டு, தாராளமாகச் செலவு செய்து, நகர் என்ற பகுதியில் கலகம் வர, 1831-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டது. ராஜா பட்டம் உண்டு, மானியம் உண்டு, வேலை மட்டும் கிடையாது. 1868-இல் இறக்கும்வரை அப்படியே.

"முப்பத்தேழு வருசம் சஸ்பென்ஷனா?" பெரியப்பாவின் குரல் தழுதழுத்தது. "பிழைப்பூதியம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க பெரியப்பா."

"அப்ப பரவாயில்லை."

சும்மா இருந்தவர் இல்லை மனிதர். பலகை விளையாட்டுகளாகக் கண்டுபிடித்துத் தள்ளினார். சதுரங்கக் குதிரையை 64 கட்டத்துக்கும் ஒரே ஒரு முறை போகிற மாதிரி நகர்த்தும் புதிரில் மூழ்கினார். நாட்டில் ஒரு நிஜக் குதிரையை நகர்த்தக்கூட வெள்ளைக்கார அதிகாரியைக் கேட்கவேண்டும், பலகையில் கேட்கவேண்டியதில்லை. தெய்வ உருவங்கள் முதல் யோகாசனங்கள் வரை படம் எழுதவைத்து 'ஸ்ரீதத்துவநிதி' என்று பெரிய நூல் செய்யவைத்தார். 1861-இல் ஜகன்மோகன் அரண்மனை கட்டினார். மலைக்கோயிலில் மூன்று ராணிகளோடு கைகூப்பித் தானும் சிலையாக நின்றுகொண்டார். நாடாண்ட ஹைதரும் திப்புவும் விட்டுப்போனவற்றில் பெரும்பகுதி இடிந்த மதில். வேலை பறிபோன ராஜாவும் அவர் வழிவந்தவர்களும் விட்டுப்போனதைத்தான் நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். ஜெயசாமராஜரும் இந்த ஜாதிதான்: 94 கீர்த்தனை இயற்றினார், ராஜ்யம் போனபின் 1964-இல் சென்னைக்கே கவர்னராக வந்தார்.

அன்று சாயங்காலம் பெரிய அரண்மனை. ஞாயிறானதால் விளக்கு உண்டு. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு ஒரே நேரத்தில் எரிய, மைதானத்துக் கூட்டம் "ஹோ" என்றது. பெரியப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பக்தியாக்கும் என்று நினைத்தேன். மனக்கணக்கு. "மீட்டர் யார் பேர்ல கண்ணு?"

மறுநாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். இதற்குமுன் அங்கே இருந்தது மர அரண்மனை. 1897-இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணி கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்தது. நம் வீடுகளில் சாம்பார் பந்தியில் தீர்ந்துபோனாலே பத்து வருஷம் சம்பந்திகள் பேசுவார்கள். இங்கே மண்டபமே தீர்ந்துபோயிருக்கிறது. அப்போது பையன் நால்வடியார் பேரில் பொறுப்பில் இருந்த மகாராணி வாணிவிலாச சந்நிதானம் அசரவில்லை. ஹென்றி இர்வினைக் கூப்பிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார். 1912-இல் முடிந்தது, செலவு 41 லட்சத்துக்கு மேல். கல்யாண மண்டபத்துத் தூண்களை எரிகிற சரக்கில் செய்யாமல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வார்ப்பிரும்பில் தருவித்தார்கள். ஒரு முறை பட்ட வீடு.

இந்த இர்வின்தான் எழும்பூர் ஸ்டேஷனுக்கும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் வரைபடம் போட்டதில் பங்குள்ளவர். தர்பார் மண்டபத்தில் நின்றபோது எனக்கு ஏதோ பழகின இடத்தில் இருக்கிற உணர்வு வந்ததற்கு அதுதான் காரணம். பெரியப்பாவுக்கும் வந்திருக்கவேண்டும். "இத்தனை பெரிய ஹாலு, உட்கார ஒரு பெஞ்சு போடலை பாரு" என்றார். தங்க அம்பாரியைக் காட்டினேன். 750 கிலோ, விஜயதசமியன்று யானைமேல் ஏற்றுவார்கள். ஒரு காலத்தில் அதில் ராஜா போனார், இப்போது சாமுண்டி போகிறாள். "அதும்மேல ஏர்றவங்க மாறிக்கிட்டே இருக்காங்க, சுமக்கிறது மட்டும் மாறலை" என்று யானை சார்பாக ஒரு மனுப் போட்டார்.

ஜகன்மோகனில் ரவிவர்மா படங்களைவிடக் கூட்டம் ஒரு பிரெஞ்சுக் கடிகாரத்துக்கு முன்னால்தான். மணிக்கு மணி பொம்மைச் சிப்பாய்கள் அணிவகுக்கும். லலிதமகாலை வெளியிலிருந்தே பார்த்தோம். 1921-இல் வைஸ்ராய் தங்குவதற்கென்று கட்டத் தொடங்கியது. அரண்மனை ஆசார மடியாம், துரைகளுக்கோ வேறு சாப்பாடாம். அதற்காகத் தனியாக ஒரு மாளிகை என்பார்கள். நம் ஊரில் இந்தப் பிரச்சினைக்குப் பின்கட்டில் ஒரு அடுப்பு போதும். நால்வடியார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா கடலைமாவையும் நெய்யையும் சர்க்கரையையும் கிளறி ராஜாவுக்கு வைத்ததுதான் மைசூர்பாகு. அதை ஒரு கிலோ வாங்கினோம். பெரியப்பாவுக்குச் சர்க்கரை 240. "வரலாறுன்னு ரெண்டு வில்லை தின்னுக்கறேன்" என்றார், நான்கு தின்றார்.

செவ்வாய்க்கிழமைக்கு மிருகக்காட்சிச் சாலையை வைத்திருந்தேன். 1892-இல் பத்தாம் சாமராஜேந்திரர் தொடங்கியது, நாட்டிலேயே பழையவற்றில் ஒன்று. பெரியப்பாவுக்குப் புலி பார்க்கவேண்டும். திப்புவின் புலி, வெள்ளைக்காரன்மேல் ஏறி நின்று உறுமுமே, அந்த மரப் பொம்மை லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உயிர்ப்புலியாவது பார்ப்போம் என்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போனோம். செவ்வாய் விடுமுறை. அது எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. எங்களைப் போல இன்னும் நாலு வேன் தமிழ்நாட்டுக்காரர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று கத்தியது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

"ஆயுசுல அதுகளுக்கு இருக்கிற ஒரே சலுகை வார லீவு. உடு" என்றார் பெரியப்பா.

சாமராஜநகர் வழியாகத் திரும்பினோம். புளிஞ்சூர் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. தாளவாடிப் பக்கமிருந்து ஆலைக்குப் போகும் கரும்பு லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒற்றைக் கொம்பன். அவசரமே இல்லாமல் தும்பிக்கையை மேலே போட்டு, ஒரு கட்டுக் கரும்பை உருவிக் கீழே வைத்தது. இன்னொரு கட்டை உருவியது. லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், ரசீது கேட்காத வியாபாரி மாதிரி. பஸ்ஸில் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும் எழுந்தேன்.

பெரியப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் எந்த ராஜாவின் படத்துக்கு முன்னாலும் அவர் அப்படி உட்காரவில்லை.

"பேசாம உக்காரு கண்ணு. ஜமாபந்தி நடக்குது."